காட்மாண்டு குழந்தைகள் இல்லத்தில் தன்னார்வலராக முதல் வாரம்: போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

பொதிகைச்சாரல்

வணக்கம். ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேர இரண்டு மாத இடைவெளி கிடைத்தது. உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று நேபாளம் வந்திருக்கிறேன். காட்மாண்டுவுக்குத் தெற்கே, லலித்பூர் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லம். ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை இருபது சொச்சம் பிள்ளைகள். ஒரு ஏஜென்சிக்குப் பணம் கட்டித்தான் வந்தேன். பெயர் வேண்டாம்.

வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. குளிரோ, காலையும் ராத்திரியும் அதே பருப்பும் சோறுமோ பிரச்சினை இல்லை. நம்மைவிடப் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடும் இவர்களுடைய கடிகாரம்தான் இன்னும் பழகவில்லை. குழப்பமெல்லாம் வேறு இடத்தில்.

பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும் வேகம் என்னைத் திகைக்க வைக்கிறது. பேர் கேட்பதற்குள் மடியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆறு வயது இருக்கும் ஒருத்தி, நான் பாத்ரூம் போனால்கூட வாசலில் காத்து நிற்கிறாள். எனக்கு முன்னால் இருந்த ஜெர்மன்காரப் பெண்ணையும் இப்படித்தான் கட்டிக்கொண்டு திரிந்தாளாம். அந்தப் பெண் கிளம்பிய வாரமே நான் வந்து இறங்கியிருக்கிறேன்.

அடுத்தது வேலை. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஏஜென்சியில் சொன்னார்கள். இங்கே எல்லோரும் ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வருகிறார்கள். சனிக்கிழமை மட்டும் லீவு. அதுவரை நான் சும்மா உட்கார்ந்து செல்போனைத் தேய்க்கிறேன்.

கடைசி விஷயம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் நோட்டில் வீடு வரைந்து காட்டினான். படிப்படியாக வயல், ஓர் எருமை, வாசலில் ஒரு பெண். "மேரோ ஆமா" என்றான், என் அம்மா. இறந்துபோன அம்மாவை வரைகிறான் என்று நினைத்துத் தலையைத் தடவினேன். அவன் அடியில் பத்து இலக்கத்தில் ஒரு போன் நம்பரை எழுதி, கூப்பிடு என்று சைகை காட்டினான். தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போக வேண்டுமாம். ஏஜென்சியின் இணையப் பக்கத்தில் அத்தனை பேரையும் பெற்றோர் இல்லாதவர்கள் என்றுதான் போட்டிருந்தது.

அந்த நம்பருக்கு நான் கூப்பிடலாமா? இங்கே நான் என்னதான் செய்ய வேண்டும்?

வெள்ளலூர்க்காரன்

நல்ல மனசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம ஊரில் இல்லாத இல்லமா? தெருவுக்கு ஒன்று இருக்கிறது. விமான டிக்கெட், ஏஜென்சி கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இங்கே பத்துப் பிள்ளைக்கு ஒரு வருஷ ஸ்கூல் பீஸ் வந்திருக்கும்.

பொதிகைச்சாரல்

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும் அண்ணா. வந்தாயிற்று. இனி என்ன செய்வது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்றாம்மாடி

தங்கச்சி, அந்த நம்பருக்கு நீங்களாகக் கூப்பிட வேண்டாம். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். காட்மாண்டுவில் சில வருடம் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருந்தவள் நான். நீங்கள் பார்த்தது அங்கே மிகச் சாதாரணம். நேபாள இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் 85 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குத் தாய், தகப்பன் இருவரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று யுனிசெஃப் பல வருடமாகச் சொல்லிவருகிறது.

எப்படி வந்தது இந்த நிலைமை என்றால், 1996இலிருந்து 2006 வரை மாவோயிஸ்ட் போர் நடந்தது. ஹும்லா மாதிரி வடமேற்கு மலை மாவட்டங்களில் பள்ளிக்கூடம் நடக்கவில்லை, வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் படையில் சேர்த்துவிடுவார்கள் என்று பெற்றோருக்குப் பயம். அந்த நேரத்தில் தரகர்கள் ஊருக்குள் வந்தார்கள். காட்மாண்டுவில் நல்ல பள்ளி, விடுதி, சாப்பாடு எல்லாம் இருக்கிறது, பிள்ளையை அனுப்புங்கள் என்றார்கள். நிலத்தை விற்றும் எருமையை விற்றும் பணம் கட்டி அனுப்பியவர்கள் உண்டு. ஹும்லாவின் தலைநகர் சிமிகோட்டுக்கு அப்போது சாலையே கிடையாது. விமானம், இல்லையென்றால் நாள் கணக்கில் நடை. போன பிள்ளையை எந்தப் பெற்றோரால் தேடிக்கொண்டு வர முடியும்? இங்கே தகப்பன் இறந்துவிட்டதாகக் காகிதம் தயாராகிவிடும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், அழுவார்கள், பணம் தருவார்கள். 2006இல் தொடங்கிய நெக்ஸ்ட் ஜெனரேஷன் நேபாள் மாதிரி அமைப்புகள் இப்படி வந்த பிள்ளைகளின் குடும்பத்தைத் தேடி மலை மலையாக ஏறின.

இல்லங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நாட்டில் இருக்கும் எழுபத்துச் சொச்சம் மாவட்டங்களில் காட்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வன், பொக்ரா இருக்கும் காஸ்கி ஆகிய ஐந்தில்தான் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது இல்லங்கள். ஏழ்மை அதிகம் இருப்பது அந்த ஐந்தில் இல்லை. சுற்றுலாப் பயணி வருவது அங்கேதான்.

உங்கள் இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக நடத்துகிறவர்களும் உண்டு. அம்மா உயிரோடு இருப்பது தெரிந்தே, அதைக் கோப்பில் ஒழுங்காக எழுதி, வறுமையால் சேர்த்த பிள்ளையாகவும் இருக்கலாம். அதனால்தான் கூப்பிட வேண்டாம் என்றேன். மறுமுனையில் யார் எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அடித்த சித்தப்பாவாக இருக்கலாம், தரகனாகவும் இருக்கலாம். அம்மாவே எடுத்தாலும் "கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று சொல்ல உங்களால் முடியுமா?

மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள்: இந்தப் பையன் வீட்டாரோடு பேச ஏற்பாடு உண்டா? கடைசியாக எப்போது பேசினான்? பண்டிகைக்கு யாரெல்லாம் வீட்டுக்குப் போகிறார்கள்? பதில் சொல்லும் முறையிலேயே பாதி விளங்கிவிடும். கோபம் வந்தாலோ, "அவன் பொய் சொல்கிறான்" என்று ஒரே வரியில் முடித்தாலோ இங்கே எழுதுங்கள். நேபாளத்திலும் குழந்தைகள் உதவி எண் 1098தான். காணாமல் போன பிள்ளைகளுக்குப் போலீஸ் எண் 104.

மட்டுநகரான்

எங்கட மட்டக்களப்புப் பக்கமும் இதே கதைதான். போராலயும் 2004 சுனாமியாலயும் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் இருந்தவை, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இல்லங்களில இருந்த பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டில ஆரோ ஒராள் இருந்தவை. தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போயிருப்பா, தகப்பன் குடி, அம்மம்மாவுக்கு ஏலாது. இல்லத்தில விட்டால் படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் எண்டுதான் விட்டவை.

சுனாமிக்குப் பிறகு முகாமுக்குள்ள வந்து பிள்ளையளோட விளையாடிப்போட்டு, படம் எடுத்துப்போட்டுப் போன வெளிநாட்டுச் சனம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் எங்களோட இருந்து கக்கூஸ் வெட்டினவையும் இருந்தவை. அவையைத்தான் ஊரில இண்டைக்கும் கதைக்கினம்.

வெள்ளலூர்க்காரன்

மூன்றாம்மாடி அக்கா சொல்வதெல்லாம் சரி. ஆனால் இதைப் படிக்கிறவன் எவனும் இனி எந்த இல்லத்துக்கும் போகமாட்டான், பணமும் தரமாட்டான். அப்போது உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு நாளைக்குச் சோறு யார் போடுவது? இந்தப் பொண்ணு கட்டின பணத்தில்தானே அங்கே அரிசி வாங்கியிருப்பார்கள்?

மூன்றாம்மாடி

நியாயமான கேள்வி. தொடர்ந்து வரும் பணத்தைத் திடீரென்று நிறுத்தினால் முதலில் அடிபடுவது பிள்ளைகளின் தட்டுதான். அதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏஜென்சிக்குக் கட்டிய பணத்தில் இல்லத்துக்கு எவ்வளவு போனது என்று பொதிகைச்சாரலுக்குத் தெரியுமா?

பொதிகைச்சாரல்

தெரியாது. மேனேஜரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். சிரித்துக்கொண்டே "என் சாப்பாட்டுச் செலவுக்கு வந்தது" என்றார். என் சாப்பாட்டுக்குத்தான், பிள்ளைகளுடையதற்கு இல்லை!

மூன்றாம்மாடி

அதேதான். வெள்ளலூர் அண்ணா, ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பார்க்க ஆகும் செலவைவிட, அதே பிள்ளையை அம்மாவோடு ஊரில் வைத்துப் படிக்கவைக்க ஆகும் செலவு குறைவு. நம்ம நாட்டிலேயே மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ள மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். நேபாளத்தின் 2018ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டமும் உறவினர், வளர்ப்புக் குடும்பம் எல்லாம் முடியாமல் போனால்தான் இல்லம் என்கிறது. ஆனால் அம்மாவோடு வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுத்து வருவதில்லை. பணம் வேறு பக்கம் ஓடுவது அதனால்தான்.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு இது கண்கூடாகத் தெரிந்தது. பெற்றோரோ அனுமதியோ இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கூடாது என்று அரசு தடை போட்டது. அந்த ஜூன் மாதத்துக்குள் கடத்தப்படவோ தேவையில்லாமல் இல்லத்தில் சேர்க்கப்படவோ இருந்த குறைந்தது 245 பிள்ளைகளை வழியில் தடுத்து மீட்டதாக யுனிசெஃப் சொன்னது. வீடு இடிந்த ஊருக்குள் நிவாரணத்தோடு சேர்ந்து தரகனும் போய்விட்டான்.

2017இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு விசாரித்து, இப்படிப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவம் என்றே அறிக்கை கொடுத்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமும் இல்லங்களில் நடக்கும் தன்னார்வச் சுற்றுலாவைக் குறிப்பிட்டு, அதன் தீங்குகளைத் தடுக்க வேண்டும் என்றது. நம்ம பக்கம் இந்தப் பேச்சு இன்னும் வரவில்லை. இந்தியர்களுக்கு நேபாளம் போக விசாவே வேண்டாம் என்பதால் கேள்வி கேட்க ஆளும் இல்லை. மற்ற நாட்டுக்காரர்கள் சுற்றுலா விசாவில் வந்து சம்பளம் வாங்காத வேலைகூடச் செய்யக் கூடாது, அது சட்டமீறல்.

பழைய நர்ஸ்

அந்த ஆறு வயதுப் பெண்ணைப் பற்றி யாருமே பேசவில்லையே!

குழந்தைகள் வார்டில் பல வருடம் ஓட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன். முகம் தெரியாத ஆள் மடியில் ஓடி வந்து உட்காரும் பிள்ளையைப் பார்த்தால் நமக்கு உள்ளம் குளிரும். எனக்கு வயிறு கலங்கும். வீட்டில் வளரும் ஆறு வயதுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் அம்மா முந்தானைக்குப் பின்னால் போய் ஒளியும். கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும். அப்புறம்தான் வரும். அதுதான் சரியான வளர்ச்சி. யாரைக் கண்டாலும் ஓடி வருகிற பிள்ளைக்கு, இவர் என்னுடையவர், இவர் வெளி ஆள் என்ற பிரிவினையே பதியவில்லை என்று அர்த்தம்.

ருமேனியாவில் 2000இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். புக்கரெஸ்ட் நகரத்து இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள், மீதிப் பேர் பழைய கவனிப்பிலேயே தொடர்ந்தார்கள். வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்ததில், குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும் ஒட்டுறவும் நன்றாகத் தேறின. அதிலும் இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். அந்த நாட்டு இல்லங்கள் நேபாளத்தைவிட மோசம்தான், ஆனாலும் அடிப்படை விஷயம் ஒன்றே: பிள்ளைக்குத் தேவை நிரந்தரமாக ஓர் ஆள். இரண்டு மாதத்துக்கு ஒரு புது அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போவது அந்த வேரைத் திரும்பத் திரும்பப் பிடுங்குவது மாதிரி.

அதற்காக அவளைத் தள்ளிவிடாதீர்கள். அங்கே சமையலும் பார்த்து, ராத்திரி பிள்ளைகளோடு படுக்கிற அம்மா ஒருத்தர் இருப்பாரே? அவள் உங்களிடம் ஓடி வந்தால் கையைப் பிடித்து அவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். விழுந்து அடிபட்டால் மருந்து எடுத்துக் கொடுங்கள். போடுவது அவர் கையாக இருக்கட்டும். குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது உங்கள் வேலை இல்லை. பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கவே வேண்டாம். பரிசு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் கொடுத்ததாக இருக்கட்டும்.

பொதிகைச்சாரல்

இருக்கிறார். எல்லோரும் ஆமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயது இருக்கும். காலையில் நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பத்து வரை உட்காரவில்லை. நான் வந்ததிலிருந்து அவரிடம் "நமஸ்தே" தாண்டி எதுவும் பேசவில்லை. அவர் நேபாளியும் தமாங் மொழியும் பேசுவார், எனக்கு ஹிந்தியே பாதிதான் வரும். பிள்ளைகள் எல்லோரும் கார்ட்டூன் பார்த்தே ஹிந்தி கற்றிருக்கிறார்கள், அவர்கள்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர்கள்.

வெள்ளலூர்க்காரன்

ஹிந்தியில் டப் ஆன நம்ம ஊர்ப் படமெல்லாம் அங்கே டிவியில் ஓடுமே. அதை வைத்துப் பேச்சைத் தொடங்கலாம்.

எண்27

இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இதற்கு எழுதணும் போல இருக்கிறது.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை இல்லத்தில் வளர்ந்தவன் நான். தமிழ்நாடுதான், ஊர் வேண்டாம். அப்பா இல்லை. அம்மா இருந்தார், சித்தாள் வேலை. என் பெட்டிக்கும் தட்டுக்கும் போர்வைக்கும் போட்டிருந்த எண் 27.

நம்ம ஊரில் பிறந்தநாள் வந்தால் இல்லத்துக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். எங்களுக்கு மாதத்தில் பாதி நாள் யாருக்காவது பிறந்தநாள். பிரியாணி பன்னிரண்டரைக்கே வந்துவிடும். பிறந்தநாள்காரர் டிராபிக்கில் இருப்பார். வரிசையாக உட்கார்ந்து, அண்டாவைப் பார்த்துக்கொண்டே காத்திருப்போம். ரெண்டு மணிக்கு வருவார், கேக் வெட்டுவார், நாங்கள் கை தட்டிப் பாடுவோம், அவர் பிள்ளைக்கு நாங்கள் ஊட்டிவிடுகிற மாதிரி ஒரு போட்டோ. அப்புறம்தான் பரிமாறுவார்கள். பிரியாணி ஆறி, மேலே டால்டா வெள்ளையாக உறைந்திருக்கும். சாப்பாடு போட்டவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தச் சாப்பாட்டில்தான் வளர்ந்தேன். ஆனால் காத்திருந்ததும் நான்தான்.

சில பேர் ஒரு மாதம், ரெண்டு மாதம் என்று வருவார்கள். காலேஜ் பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள். யார் சாக்லேட் தருவார், யார் செல்போனில் கேம் விளையாட விடுவார் என்று பார்த்த உடனே எங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கே போய் ஒட்டணும், எப்போது அழணும் என்பதும் தெரியும். அதில் நடிப்பு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று இப்போது யோசித்தாலும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. போகும்போது "கண்டிப்பாகத் திரும்பி வருவேன்" என்பார்கள். ஒருத்தரும் வந்ததில்லை. சின்னப் பசங்க ஒரு வாரம் கேட் பக்கமே நிற்பார்கள். பெரியவர்கள் நாங்கள் கிண்டல் பண்ணுவோம்.

ரிடையரான போஸ்ட் மாஸ்டர் ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். யாரையும் தொடமாட்டார், கொஞ்சமாட்டார். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து எங்கள் காகிதங்களைச் சரிபார்ப்பார். யாருக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை, யார் ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போச்சு, யாருடைய பிறந்த தேதி டி.சி.யில் தப்பு என்று ஒரு நீளநோட்டில் எழுதி வைத்துத் தாலுகா ஆபீசுக்கு அலைவார். நான் பாலிடெக்னிக் சேரும்போது எல்லாக் காகிதமும் கையில் இருந்தது. வெளியே வந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

அதனால், ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரை சும்மா இருக்கிறேன் என்கிறீர்களே, காகித வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் கிளம்பும் தேதியை எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். திரும்பி வருவேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மூன்றாம்மாடி

எண்27, எழுதியதற்கு நன்றி.

அவர் சொன்னது நேபாளத்தில் இன்னும் கனமான விஷயம். அங்கே பதினாறு வயதில் நாகரிக்தா என்ற குடியுரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அது இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலை இல்லை, பேங்க் கணக்கும் சிம் கார்டும்கூடத் தகராறு. அதற்கு அப்பா அல்லது அம்மாவின் நாகரிக்தா வேண்டும், சொந்த ஊர் வார்டு ஆபீசின் பரிந்துரை வேண்டும். சின்ன வயதில் பெற்றோர் இல்லை என்று பொய்க் காகிதம் போட்டுக் கொண்டுவரப்பட்ட பிள்ளை, பதினாறு வயதில் அந்தக் காகிதத்தாலேயே நாடு இல்லாத ஆளாக நிற்கும். உங்கள் இல்லத்தில் பதினைந்து, பதினாறு வயதில் எத்தனை பேர், யாருக்கு எந்தக் காகிதம் குறைகிறது என்று பட்டியல் போட மேனேஜருக்கு உதவ முடிந்தால், ஆங்கில வகுப்பைவிடப் பெரிய வேலை. ஆனால் கோப்பைப் பார்ப்பதற்கு அவர் அனுமதி வேண்டும். பார்த்ததை இங்கே விவரமாக எழுதவும் வேண்டாம்.

மட்டுறுத்துநர்

நினைவூட்டல்: பிள்ளைகளின் பெயர், படம், இல்லத்தின் அடையாளம் எதுவும் இழையில் வேண்டாம். இடையில் ஒருவர் இல்லத்தின் பெயரை ஊகித்து எழுதிய பதிவை நீக்கியிருக்கிறோம்.

பொதிகைச்சாரல்

கொஞ்ச நாள் எழுத முடியவில்லை. நிறைய நடந்துவிட்டது.

மேனேஜரிடம் கேட்டேன். கோபப்படவில்லை. பீரோவிலிருந்து கோப்பை எடுத்து மேஜையில் வைத்தார். பையனுடைய ஊர் சிந்துபால்சோக். 2015 நிலநடுக்கத்தில் சாவு அதிகம் விழுந்த மாவட்டம். அப்பா மலேசியாவுக்குப் போய்ப் பல வருடமாகத் தகவல் இல்லை. அம்மாவால் முடியவில்லை என்று வார்டு ஆபீஸ் கொடுத்த கடிதம் இருக்கிறது. அம்மா மாதம் ஒருமுறை ஆபீஸ் போனுக்குக் கூப்பிடுவாராம். பையன் எனக்கு எழுதிக் கொடுத்த நம்பர் பழையது, அதில் இப்போது யாருமே இல்லை. "ஏஜென்சி பக்கத்தில் பெற்றோர் இல்லாதவர்கள் என்று போட்டிருக்கிறதே" என்றேன். "அப்படிப் போட்டால்தான் உங்களைப் போன்றவர்கள் வருவீர்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

தசைனுக்குப் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள். யார் வீட்டு ஆள் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறாரோ அவர்கள் மட்டும். பத்தாம் நாள் பெரியவர்கள் கையால் நெற்றியில் டீக்கா வாங்குவதுதான் பண்டிகையே. இந்தப் பையனின் அம்மாவுக்கு வந்துபோகப் பஸ் காசு இல்லை. பண்டிகை நேரத்தில் காட்மாண்டுவிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் இடம் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. மொத்தமே பாதி நாள் பயணம்தான். நானே காசு கொடுத்து அம்மாவை வரவழைக்கட்டுமா?

இன்னொன்று. சுவரில் தொங்கும் நேபாளக் காலண்டரில் (இவர்கள் 2080களில் இருக்கிறார்கள்) நான் கிளம்பும் தேதியை வட்டம் போட்டு, பெரிய பையன் ஒருவனை வைத்து எல்லோருக்கும் சொன்னேன். ஆறு வயதுக்காரி ரெண்டு நாள் பக்கத்தில் வரவில்லை. இப்போது ஆமாவோடு உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள், நானும் கூட உரிக்கிறேன்.

எண்27

ஒருத்தனுக்கு மட்டும் கொடுக்காதீங்க. மத்தவன் எல்லாம் பார்த்துக்கிட்டு இருப்பான். அம்மா வந்து கூட்டிட்டுப் போகாத மீதிப் பேர் என்ன பண்ணுவாங்க? அவனையே ராத்திரி அடிப்பாங்க, அனுபவம்.

மூன்றாம்மாடி

எண்27 சொல்வது சரி. பண்டிகைப் பயணச் செலவு என்று இல்லத்தின் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். எந்தப் பிள்ளைக்கு எப்படி என்பதை மேனேஜர் முடிவு செய்யட்டும். வீட்டுக்குப் போவது பிள்ளைக்கு நல்லதா என்று வார்டு ஆபீசில் விசாரிக்கவும் சொல்லுங்கள். சில வீடுகள் நல்லதில்லை. எல்லாம் சரியாக இருந்தால், பண்டிகைக்குப் பிறகு அவன் ஊரிலேயே தங்கிப் படிக்க முடியுமா என்று கேட்கவும் அதுதான் சமயம். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாம். பதில் இரண்டு மாதத்தில் வராது.

மேனேஜர் கோப்பை எடுத்து வைத்தது நல்ல அறிகுறி. அந்த ஏஜென்சியோடு அவர் தொடர்வது நல்லதில்லை. இரண்டையும் அவரிடம் சொல்லலாம்.

வெள்ளலூர்க்காரன்

பஸ் செலவுக்கு நானும் கொஞ்சம் தருகிறேன். இல்லத்தின் கணக்கு எண்ணைத் தனிமடலில் அனுப்புங்கள், மட்டுறுத்துநர் கத்தப் போகிறார்.

மற்றபடி நான் முதலில் கேட்ட கேள்வி அப்படியேதான் இருக்கிறது. கோவையில் இந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமை காகித வேலைக்கு ஆள் தேடும் இல்லம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குத் தாலுகா ஆபீஸ் பழக்கம் உண்டு.

பொதிகைச்சாரல்

அண்ணா!! அனுப்புகிறேன்.

என் நாள் இப்போது இப்படிப் போகிறது. காலையில் ஆமாவோடு காய் நறுக்குவது. பகலில் மேனேஜருக்குக் காகிதப் பட்டியல். பதினாறு நிறைந்த இரண்டு பேருக்கு இன்னும் நாகரிக்தா இல்லை. சாயங்காலம் பத்தாம் வகுப்பு மூன்று பேருக்கு எஸ்.இ.இ. என்ற பொதுத்தேர்வுக்குக் கணக்கு, பொது ஹாலில், எல்லோர் கண் முன்னாலும். நம்ம பாடத்தைப் போலத்தான். கூட்டுவட்டி, திரிகோணமிதி, உயரமும் தூரமும். கணக்கென்றால் யாரும் மடியில் வந்து ஏறுவதில்லை, அது ஒரு வசதி.

பழைய நர்ஸ் அக்காவுக்கு ஒரு கேள்வி. சனிக்கிழமை மொட்டைமாடியில் கடுகெண்ணெய் தேய்த்து எல்லோருக்கும் தலை வாரும்போது ஆமா பேன் சீப்பை என் கையில் கொடுத்தார். எண்ணி மாளவில்லை. இப்போது எனக்கும் அரிக்கிறது. என்ன மருந்து?

பழைய நர்ஸ்

வாழ்த்துகள், வீட்டு ஆளாகிவிட்டீர்கள்.

ஒரு சதவீதப் பெர்மெத்ரின் லோஷன் மருந்துக்கடையில் கிடைக்கும். தலையை அலசித் துவட்டிவிட்டு ஈரத்தோடு தடவுங்கள், பத்து நிமிடம் வைத்து அலசிவிட்டு, பேன் சீப்பால் ஈரைச் சீவி எடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் இன்னொரு முறை போட வேண்டும், முதல் தடவை தப்பிய ஈர் அதற்குள் பொரித்திருக்கும். ஒருத்தருக்கு மட்டும் போட்டால் வீண். பேன் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் போட வேண்டும், ஆமாவுக்கும் உங்களுக்கும் சேர்த்து. தலையணை உறை, துண்டு, சீப்பு எல்லாம் அன்றைக்கே வெந்நீரில். தலையில் புண் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். மேனேஜரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள், இருபது பேருக்கு எத்தனை பாட்டில் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.